பெயர் பெறாத ஓர் ஊர்

ஊர்ப்பெயர் என்பது, அங்கே குடியிருந்தோர் தம் நாவினால் எழுதிவைத்த வரலாறு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள கும்மிடிப்பூண்டியை இன்று பலரும் ‘சிப்காட்’ தொழிற்பேட்டையால் மட்டுமே அறிவர். ஆலைப்புகை கடந்து சுற்றிலும் நோக்கினால், குடியேற்றங்களின் நெடுங்கதை புலப்படும்.

தென்மேற்கே, கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம். 1863-இல் இராபர்ட் புரூசு ஃபூட் இங்கே கற்கருவிகளைக் கண்டறிந்தார். மனிதக் கைவினை இங்கே ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது என 2011-இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. அக்கருவிகளைச் செதுக்கியோர் அவ்விடத்தை எவ்வாறு அழைத்தனர் என்பதை யாரறிவார்? ‘பாக்கம்’ என்ற பெயர் பின்வந்தோர் இட்டது.

கிழக்கே பழவேற்காடு. ஒல்லாந்தர் 1613-இல் இங்கே கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். கோட்டை அழிந்தது, கல்லறைகள் எஞ்சின. எனினும், ஐரோப்பியர் நாவில் ‘புலிக்காட்’ எனத் திரிந்த ஊர்ப்பெயர் துணியோடு கடல் கடந்தது. மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்றே பெயர். கோட்டையினும் நெசவாளர் கைத்திறனே ஊரின் பெயரைக் காத்தது.

இந்நிலப்பரப்பில் பெயர் பெறாத குடியிருப்பு ஒன்றும் உண்டு. 1983 முதல் ஈழத்துப் போரினின்று தப்பித் தமிழகம் வந்தோருள் பலர் கும்மிடிப்பூண்டியில் குடியமர்த்தப்பட்டனர். அங்கே பிறந்த குழந்தைகள் வளர்ந்து பெற்றோராகியும், அவ்விடம் ‘அகதிகள் முகாம்’ என்றே வழங்கிற்று. 2021-இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. ‘அகதி’ என்னும் சொல் நீங்கியது நன்றே. ஆயினும் ‘முகாம்’ நீங்கவில்லை. முகாம் என்பது கலைந்துசெல்வோர் தங்குமிடம். தலைமுறைகள் தழைத்த இடத்துக்கு அது பொருந்துமா?

மாவட்டத் தலைநகரின் பழம்பெயர் திருஎவ்வுள். முதியவர் வடிவில் வந்த திருமால், சாலிகோத்திர முனிவரிடம் உண்டபின், ‘படுக்க எவ்வுள்?’ என வினவ, முனிவர் தம் குடிலையே காட்டினார் என்பது தலபுராணம். வந்தவர் இடங்கேட்ட வினாவே ஊருக்குப் பெயராயிற்று!

அவ்வினா இன்று கும்மிடிப்பூண்டியிலும் ஒலிக்கிறது. குடியுரிமை வழங்குவது அரசின் கடன். ஆனால் ஊருக்குப் பெயர் அரசாணையில் மட்டும் பிறப்பதில்லை. அங்கு வாழ்வோர் வழங்கும் சொல்லில் பிறக்கிறது. தம் தெருக்களை அம்மக்கள் எப்பெயரால் அழைக்கின்றனரோ, அப்பெயர்களைக் கேட்டறிந்து கவிதையில் பதிவது நம்மனோர் கடன்.