பழைய பாஸ் கிட்டாரை மாற்றலாமா, கூடாதா?

பழைய பாஸ் கிட்டார் கையில் கிடைத்தால் 'முதலில் கம்பியை மாற்று, பிக்கப்பை மாற்று' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரித்திரம் என்ன சொல்கிறது? இரண்டு ஃபெண்டர் பாஸ்களைப் பார்ப்போம். இரண்டுமே 1962 மாடல்.

மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் பிரிசிஷன் பாஸில் கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். வழவழப்பான தடிக் கம்பிகள். பிசுக்கு ஏற ஏற ஒலி மங்கும். அந்த மங்கிய, கனத்த ஒலிதான் அவருக்கு வேண்டியிருந்தது!

ஜாக்கோ பாஸ்டோரியஸ் நேர் எதிர். அவருடைய ஜாஸ் பாஸில் ஃப்ரெட்டுகளே கிடையாது. அவர் போட்ட சொரசொரப்பான கம்பிகள் மரத்தை அரம் போல ராவும். அதனால் விரல் பலகைக்குப் படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். மரத்தைக் காக்கப் பூசியது, ஒலியையும் பளிச்சென்று ஆக்கிவிட்டது.

ஆக, ஒருவர் தொடாமல் விட்டார், ஒருவர் அடியோடு மாற்றினார். இரண்டுமே சரிதான். எந்த ஒலி வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

சோகம் என்னவென்றால், இரண்டுமே திருடு போயின. 1986-ல் போன ஜாக்கோவின் பாஸ் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. 1983-ல் போன ஜேமர்சனுடையது கிடைக்கவே இல்லை. எனவே நண்பர்களே, பிக்கப் வாங்கும் முன் பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்குங்கள்!