காட்டாற்றில் கயாக் விடத் தயாரா? கிளம்பும் முன் இதைப் படிங்க!

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன திண்டுக்கல்லுக்கும் காட்டாற்றுப் படகுக்கும் என்னங்க சம்பந்தம்? குடகனாறு வருஷத்தில் பல மாதம் காய்ந்து கிடக்கும் ஊர்தான் இது. ஆனால் பேகம்பூரிலிருந்து கிளம்பி பழநி, பொள்ளாச்சி, பாலக்காடு என ரயிலில் கோழிக்கோடு போய்ச் சேர்ந்தால், அது வேற உலகம்!

எங்கே நடக்குது?

கோழிக்கோட்டிலிருந்து சுமார் 50 கி.மீ தூரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது துஷாரகிரி. பக்கத்தில் பாயும் சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா ஆறுகளில் 2013-ல் தொடங்கியது மலபார் நதித் திருவிழா. தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலை, ஆகஸ்ட்தான் சீசன். வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்கள். ஜெயிப்பவர்களுக்கு 'ரேபிட் ராஜா', 'ரேபிட் ராணி' பட்டம் உண்டு.

ஆத்துக்கும் கிரேடு உண்டு!

ஆற்றில் படகு விடுவது எவ்வளவு கடினம் என்பதை 1 முதல் 6 வரை பிரிக்கிறார்கள். 1, 2 புதுசா கத்துக்கிறவங்களுக்கு. 4, 5 தேர்ந்தவர்களுக்கு மட்டும். 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பது. மழை பெய்தால் அதே ஆறு சில மணி நேரத்தில் கிரேடு மாறிவிடும். அதனால், 'நேத்து ஈஸியாதானே இருந்துச்சு' என்று நம்பி இறங்காதீர்கள்.

என்னென்ன வேணும்?

ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட், கரையிலிருந்து வீசும் மீட்புக் கயிறு. படகு கவிழ்ந்தால் வெளியே வருவதுதான் முதல் பாடம். கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது அடுத்த பாடம். தனியாக மட்டும் இறங்கவே கூடாது.

உண்மையான ஆபத்து எது?

பாறையை விட பயங்கரமானது, அருவிக்கும் தடுப்பணைக்கும் கீழே சுழலும் தண்ணீர். மேலிருந்து விழும் நீர், அடியில் போய்த் திரும்பி மேலே வந்து, ஆளை மறுபடி அணைப் பக்கமே இழுக்கும். பார்க்க அமைதியாத் தெரியும். நல்லா நீச்சல் தெரிந்தவர்கள்கூட மாட்டிக்கொள்வது இங்கேதான். விழுந்து கிடக்கும் மரக்கிளைகளும் அப்படித்தான். தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார்.

கயாக் விடாதவங்களும் கவனிங்க!

லீவு நாளில் பைக் எடுத்துக்கொண்டு அருவிக்கும் தடுப்பணைக்கும் போகிறவரா நீங்கள்? இது உங்களுக்கும்தான். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே மலையில் மழை என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள். இழுத்துச் சென்றால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டும். மல்லாந்து படுத்து, நீர் போகும் திசையில் காலை நீட்டி, கரைப் பக்கமாக ஒதுங்குங்கள். நண்பர் சிக்கினால் நீங்களும் குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, நீளமான கம்பு எதையாவது நீட்டுங்கள்.

தண்ணீரைப் பார்த்ததும் குஷியாகிற ஊர்க்காரங்கதான் நாம. அந்தக் குஷியோடு இந்த நாலு விஷயமும் நினைவில் இருக்கட்டும்!