போடியாரும் லபுரேரும்: மூதாதையரின் தொழிலை எப்படி வாசிப்பது?



குடும்ப வரலாறு தேடுபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நம் பறங்கிய நண்பர்களும் அதில் உண்டு. பழைய பதிவில் பெயரைக் கண்டதும் தேடல் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் எழுதியுள்ள தொழில்தான் ஆளைக் காட்டும். அதைப் பிழையாக வாசித்தால் வேறு ஒருவரைத்தான் மூப்பன் என்று நம்பிக்கொண்டிருப்போம்.

படுவான்கரைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. போடியாரும் வயலில்தான், முல்லைக்காரரும் வயலில்தான், வட்டைவிதானையும் வயலில்தான். மூவரையும் ‘விவசாயி’ என்று ஒரே சொல்லில் எழுதினால், யாருடைய காணி, யாருடைய உழைப்பு, தண்ணீரையும் வேலியையும் பார்த்தவர் யார் என்பதெல்லாம் அழிந்துவிடும்.

பிரான்சிலும் இதே கதைதான். அங்கே 1598இல் புரட்டஸ்தாந்தருக்குக் கொடுத்த உரிமையை 1685இல் பதினான்காம் லூயி மன்னன் பறித்தான். ஹியூகனோ என்று அழைக்கப்பட்ட அந்த மக்களில் ஒன்றரை முதல் இரண்டு இலட்சம் பேர் வரை நாட்டை விட்டு ஓடினார்கள். ஒல்லாந்தில் தஞ்சம் புகுந்தவர்களில் சிலர் உலாந்தாக் கம்பெனியில் சேர்ந்து கிழக்கே வந்தார்கள். இலங்கையின் ஒல்லாந்தப் பறங்கியரிடையே பிரெஞ்சு ஒலியுள்ள குடும்பப் பெயர்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல. 1781இல் டி மியூரோன் என்பவர் அதே கம்பெனிக்காகத் திரட்டிய சுவிஸ் படையிலும் பிரெஞ்சு பேசும் புரட்டஸ்தாந்தர் இருந்தார்கள். ஆகவே பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

அவர்களின் பழைய பதிவுகளில் ‘லபுரேர்’ என்று ஒரு தொழில் வரும். ஆங்கிலம் தெரிந்தவர் உடனே கூலியாள் என்று நினைப்பார். உண்மையில் அவர் சொந்த ஏரும் உழவு மாடும் வைத்திருந்த வசதியான கமக்காரர், ஏறக்குறைய நம் போடியார். கூலிக்குப் போனவருக்கு ‘மனூவ்ரியே’ என்று வேறு சொல் இருந்தது. ‘சிருர்ஜியன்’ என்றால் இன்றைய சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. முடி வெட்டி, காயம் கட்டி, இரத்தம் இறக்கியவர். நம் ஒஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாகப் புரியும்.

சில வேளை தொழில் இல்லாமற்போவதும் ஒரு தகவல்தான். 1680இல் புரட்டஸ்தாந்தப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்க்கத் தடை வந்தது. 1685இல் வழக்கறிஞர், வைத்தியர், மருந்து செய்பவர் எல்லோருக்கும் வந்தது. தகப்பன் வைத்தியர், மகன் வியாபாரி என்று பதிவில் கண்டால், மகனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று எண்ணாதீர்கள். சட்டம் கதவை அடைத்திருக்கலாம்.

‘பேகர்’ என்ற சொல்லும் அப்படித்தான். இன்று அது ஓர் இனத்தின் பெயர். அன்று ஒல்லாந்த மொழியில் அதற்கு நகரவாசி என்றுதான் பொருள். கம்பெனிச் சேவையிலிருந்து விடுபட்டுச் சொந்தத் தொழில் செய்தவர் ‘சுதந்திர பேகர்’. அந்தச் சொல்லைக் கண்டவுடன் இனத்தைத் தேடாமல், ஆண்டைப் பாருங்கள்.

சொற்களும் தொழில் மாறுகின்றன. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் வண்ணக்கர் என்றால் நிர்வாகப் பொறுப்பாளர். பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன். எங்கள் பள்ளிவாசல்களில் மரைக்கார் என்பதும் நிர்வாகப் பொறுப்புத்தான். அந்தச் சொல்லையோ மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள்.

ஹியூகனோக்களின் தொழிற்சொற்களுக்கு இன்று அகராதிகள் இருக்கின்றன. நம் முல்லைக்காரர் என்ன செய்தார், என்ன கூலி வாங்கினார் என்று சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் மூத்தவர்கள்தான். அவர்களுக்குப் பிறகு அந்தச் சொல் மட்டும் மிஞ்சும், பொருள் மிஞ்சாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவின் வாப்பா, அப்பாவின் அப்பா செய்த தொழிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். கீழே ஒரு வரியில் அந்த வேலை என்னவென்றும், ஊரும் ஏறத்தாழ ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். இங்கேயும் போடுங்கள், வீட்டுக் கொப்பியிலும் வையுங்கள். பேரப்பிள்ளைகள் தேடி வரும்போது சரியான ஆளைக் கண்டுபிடிக்கட்டும்.