விரிசலும் வெடிப்பும்

பொருள்களின் மேற்பரப்பு விட்டுப்போவதற்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘கிராக்’ என்னும் பதம், ஆதியில் படீரென்னும் சப்தத்தைக் குறித்துப் பின்னரே அதனால் விளைந்த பிளவைக் குறிக்கலாயிற்று. நம் ‘வெடி’ என்னும் வினையடியிலும் ஓசையும் பிளவும் ஒருங்கே குடியிருக்கின்றன. ஆயினும் கோடையில் கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடிப்பதும், போடி, வருஷநாட்டு மலைச்சாரல்களில் இலவங்காய் வெடிப்பதும், பழுக்கும் தறுவாயில் மழை பிடித்துக்கொண்டால் கம்பத்துப் பன்னீர்த் திராட்சையின் தோல் வெடித்துக் குடியானவன் வயிறு எரிவதும் பெரும்பாலும் ஓசையின்றியே நிகழ்கின்றன. களிமண் ஈரம் வற்றிச் சுருங்குகிறது. கனியோ நீரேறிப் பருக்கிறது. வாடினாலும் பூரித்தாலும் விகாரம் உள்ளிருந்தே பிறத்தலால், இரண்டிற்கும் வெடிப்பு என்னும் ஒரே சொல்லை நம் முன்னோர் வைத்தனர் போலும். வெளியிலிருந்து வருவது கீறல். ஒன்றை இரண்டாக்குவது பிளவு. மலைப்பிளப்பை விடர் என்றும் நிலப்பிளப்பைக் கமர் என்றும் கூறிய பழைய வழக்குகள் நிகண்டோடு நின்றுவிட்டன.

‘கரை’ என்பதிலிருந்து கரைசல் பிறந்தவாறே ‘விரி’ என்பதிலிருந்து பிறந்த விரிசலின் சூட்சுமம் வேறு. பொருள் ஒன்றாகவே நிற்க, அதனிடையே விலக்கம் காண்பதே விரிசல். அதனால்தான் சுவருக்கும் சட்டிக்கும் பொருந்திய அப்பதம் சகோதரர் உறவுக்கும் பொருந்திற்று.

கம்பம் பள்ளத்தாக்கில் இச்சொல் வெறும் சொல்லாக இல்லை. பென்னிகுவிக் துரை கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பி 1895-இல் திறக்கப்பெற்ற, இப்பள்ளத்தாக்கிற்கு நீர் ஊட்டும் முல்லைப் பெரியாறு அணையில் 152 அடி வரை தேக்கிய நீர், அணையின் உறுதி பற்றிய அச்சத்தால் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, அணை பலப்படுத்தப்பட்ட பின்னும் நெடுங்காலம் வழக்கில் சிக்கி, 2014-ஆம் ஆண்டுச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பினாலேயே 142 அடியை எட்டிற்று. (சுர்க்கியாவது செங்கற்பொடி, சிவப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது.) கல்லணைகள் யாவும் சிறிதேனும் கசிவன, அக்கசிவை அணையினுள்ளே சுரங்கவழி அமைத்து வாங்கி, தினமும் அளந்து எழுதிவைப்பது என்ஜினீயர்களின் நித்திய கர்மம். கசிவு என்று எழுதவேண்டிய இடத்தில் விரிசல் என்று எழுதும் பத்திரிகைத் தலைப்பு, கூடலூர் விவசாயிக்குத் தன் வாய்க்கால் நீரையே பறிப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. சுண்ணாம்புக் காரையிலோ, மிக நுண்ணிய விரிசல்களில் நீரொடு கரைந்து செல்லும் சுண்ணாம்பு மீண்டும் படிந்து அவற்றைத் தானே அடைத்துக்கொள்ளும் விசேஷமும் உண்டு.

இத்தகைய நுண்ணிய கோட்டை ஆங்கில நூல்களை அடியொற்றி ‘மயிரிழை விரிசல்’ என எழுதுகின்றனர் படித்தோர். நம் கொத்தனார் நாவிலோ ‘ஹேர்’ முதலெழுத்தின் மூச்சை இழந்து ‘ஏர் கிராக்’ ஆயிற்று; பூச்சுக்குள் காற்றுப் புகுந்ததால் வந்தது என்று அதற்குக் காரணம் சொல்வாரும் உளர்.