முழங்கையும் பாகைமானியும்

பசறைத் தோட்டத்து லயங்களின் முன்னே பந்து வீசும் சிறுவனிடம் "கை மடங்குகிறது" என நண்பர்கள் வழக்காடுவதைப் பலரும் கண்டிருப்போம். அவ்வழக்கு ஆய்வுகூடம்வரை சென்ற வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது.

1995 டிசெம்பர் 26 அன்று மெல்பேணில் நடுவர் டரல் ஹெயர், கண்டியிற் பிறந்த மலையகத் தமிழரான முத்தையா முரளிதரனின் பந்துகளை 7 தடவை முறையற்றவை என அறிவித்தார். அன்று கண்ணே அளவுகோல். மறுஆண்டு மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவரது வீச்சைப் படம்பிடித்து அளந்தனர். பிறவியிலேயே முற்றாக நீளாத முழங்கை, எறிவது போன்ற மயக்கத்தைத் தருகின்றதென அறிஞர் கண்டனர். விதி தடுப்பது மடங்கிய கையையன்று. வீசுகையில் அது நிமிர்வதையே. இவ்வேறுபாட்டைக் கண் எளிதிற் பிரித்தறியாது.

2004இல் அவரது 'தூஸ்ரா' சோதிக்கப்பட்டபோது நிமிர்வு ஏறத்தாழ 14 பாகை. சுழற்பந்துக்கு அன்றிருந்த எல்லையோ 5. பின்னர் பிறரையும் அளந்தபோது, குறையற்றவரெனப் போற்றப்பட்ட பலரும் கையை நிமிர்த்துவது புலனாயிற்று. 2005 மார்ச்சில் எல்லை அனைவர்க்கும் 15 பாகையாயிற்று. அவர்பொருட்டே விதி வளைந்ததென்பாரும் உளர். பிறரையும் அளந்த பின்னரே விதி மாறியதென்பதை அன்னார் மறந்துவிடுகின்றனர். 2010 ஜூலையில் காலியில், தம் 800ஆவது விக்கெட்டுடன் முரளிதரன் டெஸ்ட் ஆட்டத்தினின்றும் விடைபெற்றார்.