உச்ச மின் தேவை நேரத்தில் வாட்டர் ஹீட்டரை மட்டும் நிறுத்தும் முறை: நியூசிலாந்து அனுபவம் கூறுவது என்ன?

மின் தேவை உச்சத்தைத் தொடும்போது ஒரு பகுதி முழுவதற்கும் மின்தடை விதிப்பதற்குப் பதிலாக, வீடுகளில் உள்ள வாட்டர் ஹீட்டர்களை மட்டும் மின் விநியோக நிறுவனமே தொலைவிலிருந்து சிறிது நேரம் நிறுத்திவைக்கும் முறை நியூசிலாந்தில் 1950-களில் பரவலானது. இந்தியாவில் ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டு வரும் நிலையில், அந்நாட்டின் அனுபவம் கவனத்துக்குரியது.

வாட்டர் ஹீட்டர் ஏன்?

விளக்கையோ அடுப்பையோ நிறுத்தினால் அதன் பாதிப்பு அந்த நொடியே தெரியும். ஆனால், வெப்பம் வெளியேறாதவாறு உறையிடப்பட்ட பெரிய கலனில் உள்ள வெந்நீர் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். 180 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்ற ஏறத்தாழ 9.5 யூனிட் மின்சாரம் தேவை. 3 கிலோவாட் ஹீட்டருக்கு இது சுமார் 3 மணி நேர வேலை. அந்த வேலை மாலை 6 மணிக்கு நடந்தாலும் நள்ளிரவில் நடந்தாலும் குளிப்பவருக்கு வேறுபாடு இல்லை. மின்கட்டமைப்புக்கோ பெரும் வேறுபாடு உண்டு. இத்தகைய 1 லட்சம் ஹீட்டர்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் 300 மெகாவாட் தேவைப்படும்.

செயல்படும் விதம்

'ரிப்பிள் கன்ட்ரோல்' எனப்படும் இம்முறையில் தனிக் கம்பியோ இணையமோ தேவையில்லை. வழக்கமான 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துடன், அதைவிட அதிக அதிர்வெண் கொண்ட சமிக்ஞை துணை மின்நிலையத்தில் இருந்து செலுத்தப்படுகிறது. மீட்டர் பெட்டியில் உள்ள ஏற்பி அதனை உணர்ந்து, ஹீட்டருக்கான தனி இணைப்பை மட்டும் துண்டிக்கிறது. வீட்டின் மற்ற இணைப்புகள் தடையின்றி இயங்கும். இதற்கு இசையும் நுகர்வோருக்குக் குறைந்த கட்டணம் வழங்கப்படுகிறது.

ஹீட்டர்கள் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, சுழற்சி முறையில் நிறுத்தப்படுகின்றன. மீண்டும் இணைக்கும்போதும் படிப்படியாகவே இணைக்க வேண்டும். குளிர்ந்த கலன்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கினால், தவிர்க்க முயன்ற உச்சத் தேவை சற்றுத் தாமதமாக மீண்டும் உருவாகிவிடும்.

காலவரம்பும் முக்கியமானது. நீர் நீண்ட நேரம் வெதுவெதுப்பாக இருந்தால் லீஜியோனெல்லா பாக்டீரியா பெருக வாய்ப்புள்ளது. இதனால், கலனில் நீரை 60 டிகிரிக்குக் குறையாமல் சூடேற்ற வேண்டும் என்று நியூசிலாந்து கட்டட விதிகள் கூறுகின்றன.

2021 ஆகஸ்ட் 9 உணர்த்திய பாடம்

கருவி இருப்பது மட்டும் போதாது என்பதை 2021 ஆகஸ்ட் 9 இரவு காட்டியது. கடுங்குளிரால் அந்நாட்டின் மின் தேவை 7,000 மெகாவாட்டைக் கடந்து புதிய உச்சத்தை எட்டியது. அதே வேளையில் காற்றாலை உற்பத்தி சரிந்தது. டோக்கானு நீர்மின் நிலையமும் நீர்க்களைகள் அடைத்ததால் பாதிக்கப்பட்டது. தேவையைக் குறைக்குமாறு விநியோக நிறுவனங்களுக்கு தேசிய மின்கட்டமைப்பு நிறுவனமான டிரான்ஸ்பவர் உத்தரவிட்டது. ஆனால், எந்த நிறுவனம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கணக்கீட்டில் பிழை நேர்ந்தது. அன்றிரவு 34,000-க்கும் அதிகமான இணைப்புகள் மின்சாரத்தை முழுமையாக இழந்தன. இதையடுத்து நடந்த ஆய்வுகளில், வெந்நீர்க் கட்டுப்பாட்டை உரிய நேரத்தில் பயன்படுத்துவது குறித்தும் கேள்விகள் எழுந்தன.

சமிக்ஞை ஒருவழிப் பாதையில் மட்டுமே செல்வது பழைய முறையின் குறைபாடு. எத்தனை ஹீட்டர்கள் உண்மையில் நின்றன என்பதை ஏற்பிகள் தெரிவிப்பதில்லை. பழுதான ஏற்பிகளைக் கண்டறிவதும் கடினம். இருவழித் தொடர்பு கொண்ட ஸ்மார்ட் மீட்டர்கள் இந்தக் குறையைப் போக்கக்கூடியவை.

இந்தியாவின் நிலை

மத்திய அரசின் மறுசீரமைக்கப்பட்ட விநியோகத் துறைத் திட்டத்தின் கீழ் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்த இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் குறைந்த கட்டணமும், உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணமும் வசூலிக்க 2023-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் வழிவகுத்தன. பல மாநிலங்களில் வேளாண் பம்புசெட்டுகளுக்குக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் மும்முனை மின்சாரம் வழங்கப்படுவதும் இதே தத்துவத்தின் அடிப்படையிலானது.

எனினும், நியூசிலாந்து முறையை அப்படியே பின்பற்ற இயலாது. இந்திய வீடுகளில் 10 முதல் 25 லிட்டர் கொண்ட சிறிய கீசர்களே அதிகம். குளிக்கும் நேரத்தில் அவற்றை நிறுத்தினால் அடுத்தவருக்குத் தண்ணீர் மட்டுமே மிஞ்சும், வெந்நீர் இருக்காது. மேலும், ஸ்மார்ட் மீட்டர் வழியாகத் துண்டிக்கப்படுவது வீட்டின் முழு இணைப்பே. கீசரை மட்டும் நிறுத்துவதற்குத் தனிச் சுற்றோ தனிக் கருவியோ அவசியம்.

பெரிய வெந்நீர்க் கலன்களைப் பயன்படுத்தும் விடுதிகள், மாணவர் தங்குமிடங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றுக்கே இம்முறை கூடுதலாகப் பொருந்தும். அங்கும் நுகர்வோரின் ஒப்புதல், அதற்கு ஈடான கட்டணச் சலுகை, நிறுத்தும் நேரத்துக்கு உறுதியான வரம்பு ஆகிய மூன்றும் அடிப்படைத் தேவைகளாகும்.