பிளேத்தோனும் அவர் மாணாக்கரும்

ஓர் ஆசிரியர் மறைந்த பின்னர் அவருடைய மாணாக்கர் அவர்க்குச் செய்யவேண்டிய கடன் யாது? அவர் சொன்னவற்றையெல்லாம் சொன்னபடியே நம்புதலா? அவரை மறுத்தாரை ஏசுதலா? அவருடைய எலும்பை வைத்துப் போற்றுதலா? குருபக்தி என்னும் சொல்லை நாம் அடிக்கடி வழங்குகின்றோம். அதன் பொருளைச் சற்று ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. அவ்வாராய்ச்சிக்கு உதவக்கூடிய வரலாறொன்று கிரேக்க நாட்டில் 15-ம் நூற்றாண்டில் நிகழ்ந்தது.

ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்ற நம்மனோர் சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்னும் பெயர்களை நன்கறிவர். பிளேட்டோவுக்கு ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் பின்னர்த் தோன்றி, அவருடைய தத்துவத்தையும், கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட கிரேக்கத் தெய்வங்களின் வழிபாட்டையும் மீண்டும் தழைக்கச் செய்ய முயன்ற ஜியார்ஜ் கெமிஸ்டோஸ் பிளேத்தோனை அவர்கள் அறிந்திலர்.

பிளேத்தோன் 14-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கான்ஸ்டான்டிநோபிள் நகரிற் பிறந்தவர். பின்னர் ஸ்பார்ட்டாவுக்கு அருகேயுள்ள மிஸ்திரா என்னும் மலைநகரிற் குடியேறிப் பாடஞ் சொல்லி வந்தார். மிஸ்திரா, பைசாந்தியப் பேரரசின் தென்பகுதியாகிய மோரியாவின் தலைநகர். துருக்கியர் அப்பேரரசைச் சிறிது சிறிதாக விழுங்கி வந்த காலம் அது. நாடு பிழைக்க வேண்டுமாயின் நிலம் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும். விளைவை மூன்று கூறாக்கி, உழைப்பவனுக்கு ஒரு கூறும், முதலிட்டவனுக்கு ஒரு கூறும், நாடு காப்போர்க்கு ஒரு கூறும் அளித்தல் வேண்டும் என அவர் அரசர்க்கு எழுதினார். அரசர் அதனைச் செயற்படுத்தினாரில்லை.

கிழக்குத் திருச்சபையையும் உரோமைத் திருச்சபையையும் ஒன்றாக்கும் பொருட்டு 1438, 1439-ம் ஆண்டுகளில் இத்தாலியில் ஒரு மகாசபை கூடியது. அங்குச் சென்ற கிரேக்கருள் முதியவராகிய பிளேத்தோனும் ஒருவர். சபை வேலையினும் புளோரென்சு நகரத்து அறிஞரோடு அளவளாவுதலே அவர்க்கு உவப்பாயிருந்தது. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் எவ்வெவற்றில் வேறுபட்டனர் என்று அவர்க்கு எடுத்துரைத்தார்; அதனை நூலாகவும் எழுதினார். அரிஸ்டாட்டில் ஒருவரையே பேராசிரியராகக் கொண்டிருந்த மேனாட்டார்க்கு அந்நூல் பெருவியப்பை விளைத்தது. 'நிறைந்தவன்' எனப் பொருள்படும் கெமிஸ்டோஸ் என்னும் தம் பெயரை, அதே பொருளுடையதும் பிளேட்டோவின் பெயரோடு ஒலி ஒத்ததுமாகிய பிளேத்தோன் என அவர் மாற்றிக்கொண்டார்.

அவர் வெளியிடாது வைத்திருந்த நூல் ஒன்று உண்டு. அதன் பெயர் 'சட்டங்கள்'. ஜீயஸ் முதலாய தெய்வங்களின் வரிசையும், நாள்தோறும் ஓதவேண்டிய துதிகளும், திருநாட்கணக்கும் அதில் அடங்கியிருந்தன. பிளேத்தோன் 1452-ம் ஆண்டில் இறந்தார். 1454 என்பாரும் உளர். சில ஆண்டுகளின் பின் அந்நூலின் ஏட்டுப்பிரதி மோரியா அரசரின் மனைவி தியோடோரா வாயிலாக ஸ்கொலாரியோஸ் என்னும் சமயத் தலைவரிடம் சென்றது. துருக்கியர் ஆட்சியில் கான்ஸ்டான்டிநோபிளின் முதற் பேராயராக அமர்ந்தவர் இவரே. நூலைப் படித்த ஸ்கொலாரியோஸ், அதனை எரித்துவிடுமாறு அரசிக்கே திருப்பியனுப்பினார். அரசிக்கு மனம் துணியவில்லை; நூல் மீண்டும் அவரிடமே வந்தது. குற்றத்துக்குச் சான்றாகப் பொருளடக்கத்தையும் சில பகுதிகளையும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றை அவர் தீயிலிட்டார்.

இத்தகைய ஒருவர்க்கு மாணாக்கரெனச் சொல்லிக்கொள்ளுதல் அக்காலத்தில் விளையாட்டன்று. 1450-ம் ஆண்டையொட்டி ஜுவெனால் என்பான் பழைய தெய்வக்கொள்கையைப் பரப்பினான் என்று குற்றஞ்சாட்டப்பட்டு மோரியாவில் நா அறுக்கப்பெற்றுக் கடலில் அமிழ்த்தப்பட்டான். அத்தண்டனையை விதித்த அதிகாரியை ஸ்கொலாரியோஸ் கடிதம் எழுதிப் பாராட்டினார். இந்நிலையில் பிளேத்தோனைப் போற்றியவர் ஒவ்வொருவரும் எவ்வாறு ஒழுகினர் என்பதே நாம் கருதத்தக்கது.

முதலாமவர் டெமெட்ரியோஸ் கபாக்கேஸ். இவர் ஆசிரியரின் சமயத்தையே தம் சமயமாகக் கொண்டவர்; தம்மை ஞாயிற்றை வழிபடுவோன் என்றே எழுதிவைத்தவர். தீக்குத் தப்பிய பகுதிகளைத் தேடித் தொகுத்துப் படியெடுத்தார்.

இரண்டாமவர் மைக்கேல் அப்போஸ்டோலிஸ். ஆசிரியர் கட்சியைத் தாங்குவதாக எண்ணி, அரிஸ்டாட்டிலையும், அக்கட்சி அறிஞராகிய தியோடோர் காசாவையும் இழித்து எழுதினார்.

மூன்றாமவர் ரிமினி நகரத் தலைவர் சிகிஸ்மண்டோ மலடெஸ்டா. இவர் மாணாக்கரல்லர், போர்த்தலைவர். வெனிஸ் அரசுக்காக மோரியாவிற் போரிட்ட இவர் மிஸ்திராவினின்றும் பிளேத்தோனின் எலும்புகளை எடுத்துச் சென்று, ரிமினியில் தாம் எழுப்பிய ஆலயத்தின் வெளிச்சுவரில் கற்பேழையொன்றில் வைத்தார். அஃது இன்றும் அங்கு உளது.

நான்காமவர் பெசாரியோன். இளமையில் மிஸ்திராவில் பிளேத்தோனிடம் பாடங்கேட்ட இவர், பின்னர் உரோமைத் திருச்சபையின் கர்தினாலானார். இரு சபைகளும் ஒன்றாதலைப் பிளேத்தோன் விரும்பவில்லை. பெசாரியோனோ அதற்காகவே முன்னின்று உழைத்தார். இவ்வளவு வேறுபட்டும் ஆசிரியர்க்குக் கடிதம் எழுதித் தத்துவ ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து வந்தார். மோரியா அரசர்க்கு இவர் எழுதிய கடிதமொன்றில், இரும்புத் தொழிலும் கப்பல் கட்டும் தொழிலும் கற்றுவர இளைஞரை இத்தாலிக்கு அனுப்புக என வேண்டினார். நாட்டுச் சீர்திருத்தத்தில் ஆசிரியர் காட்டிய கவலையை மாணாக்கர் தம் வழியில் தொடர்ந்தார் என்க.

பிளேத்தோன் இறந்தபொழுது அவருடைய புதல்வர்க்கு இவர் ஆறுதற் கடிதம் எழுதினார். அவர்கள் தந்தை உடலை நீத்து, ஒலிம்பஸ் தெய்வங்களோடு திருக்கூத்தில் கலந்துகொள்ளச் சென்றார் எனவும், உயிர் மறுபிறவி எய்தும் என்பது மெய்யாயின் பிளேட்டோவின் உயிரே அவருடம்பிற் குடிகொண்டிருந்தது எனலாம் எனவும் அதில் உரைத்தார். கர்தினால் ஒருவர் இவ்வாறு எழுதலாமோ என வினவுவார் உளர். அவர் மறைவாகப் பழைய தெய்வங்களை நம்பினார் என நாம் கொள்ள வேண்டுவதில்லை. இறந்தவரை இறந்தவர் விரும்பிய மொழியிலேயே போற்றினார் என்பதே பொருந்தும்.

அதே பெசாரியோன் 1462-ம் ஆண்டில் அப்போஸ்டோலிஸைக் கடிந்து எழுதினார். பெரியோரை இகழ்தல் தத்துவமாகாது என்றும், அரிஸ்டாட்டிலை மிகக் கடுமையாகத் தாக்கியதில் பிளேத்தோனைத்தாமும் தம்மாற் பாராட்ட இயலாது என்றும் அறிவுறுத்தினார். 1469-ம் ஆண்டு உரோமையில் அச்சாகிய அவருடைய பெருநூல், அரிஸ்டாட்டிலை இழிவுபடுத்தாமலே பிளேட்டோவின் பெருமையை நாட்டியது. அதற்கு முந்திய ஆண்டில், 700-க்கு மேற்பட்ட தம் ஏட்டுப்பிரதிகளை வெனிஸ் நகர்க்கு நன்கொடையாக ஈந்தார். பிளேத்தோன் தம் கையாலேயே எழுதியனவும் அவற்றுள் உள. அவை வெனிஸ் நகரத்து மார்க்கு நூல்நிலையத்தில் இன்றும் காக்கப்படுகின்றன.

இந்நால்வருள் எவர் உண்மை மாணாக்கர்? கபாக்கேஸின் உறுதி போற்றற்குரியது. அவர் படியெடுத்திராவிடின் இழப்பு இன்னும் பெரிதாயிருக்கும். மலடெஸ்டா காத்தது எலும்பு. அஃது எவர்க்கும் ஒன்றையும் கற்பியாது. அப்போஸ்டோலிஸ் காத்தது தம் சினத்தையே. பெசாரியோனோ ஆசிரியரின் தவற்றைத் தவறென்றார். அவர் சமயத்தை மேற்கொள்ளவுமில்லை. எனினும் அவர் எழுத்தைக் காத்து, அவர் பெருமையை அஞ்சாது சொன்னார். அரிஸ்டாட்டிலை உலகமே வணங்கிய காலத்தில் அவரையும் வினவலாம் எனக் காட்டியவர் பிளேத்தோன். அவரைக் குருவாகக் கொண்டு, அவரை மட்டும் வினவாதிருத்தல் அவர் கற்பித்த பாடத்தை மறத்தலேயாம்.

'சட்டங்கள்' நூலின் எஞ்சிய பகுதிகள் 1858-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் அச்சேறின. கிரேக்க நாட்டிற் பழைய தெய்வங்களை வழிபடுவோர் 1997-ம் ஆண்டில் தமக்கென ஓர் உயர்சபை அமைத்தனர். 2017-ம் ஆண்டில் அந்நாட்டு அரசு அவர் சமயத்தை அங்கீகரித்தது. அவருட் பலர் பிளேத்தோனைத் தம் முன்னோடியாகப் போற்றுகின்றனர். அவர்கள் படிக்க இன்று ஏதேனும் எஞ்சியிருப்பது, நம்பியவர் ஒருவரும் நம்பாதவர் ஒருவரும் தனித்தனியே அவ்வெழுத்தைக் காத்தமையாலேயாம்.

ஆசிரியரை வணங்குதல் எளிது. அவர் நூலை, அவரை மறுப்போரும் எடுத்துப் படிக்குமாறு பேணி வைத்தல் அரிது. குருபக்தி பேசுவோர் இவ்விரண்டனுள் தாம் செய்வது யாதென ஆராய்வாராக.